தமிழ் வகுப்புக்கான இலவச இணையக் கருவிகள்: பாடத் தயாரிப்பு முதல் தேர்வு வரை

இலவச இணையக் கருவிகளின் பட்டியல்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலம் கற்பிப்பவரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. தமிழாசிரியர் அவற்றைத் திறந்து பார்த்துவிட்டு, நமக்கு இது ஒத்துவராது என்று மூடிவைப்பதைப் பல பள்ளிகளில் பார்க்கிறேன். சென்னையில் 40 பிள்ளைகள் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பில், ஆசிரியரிடம் ஒரு கைப்பேசியும் பள்ளியில் ஒரு கணினியும் மட்டுமே இருக்கும் நிலையில், தமிழ் கற்பிக்க உண்மையிலேயே கைகொடுப்பவை எவை, அவற்றை எந்த வரிசையில் கையாள வேண்டும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். கருவியைப் பார்த்துப் பாடத்தைத் தேடாமல், நாளை நடத்தவேண்டிய பாடத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதில் பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள் என்று பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் கருவியைத் தேடுவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும் வழி.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒருங்குறி

பழைய வினாத்தாள்களும் பயிற்சித் தாள்களும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டு, கணினியின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கின்றன. அவற்றை இணையத்தில் எங்கே ஒட்டினாலும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தோன்றும். இந்த ஒரு தடையை நீக்காமல் வேறு எந்தக் கருவியும் பயன்படாது. எல்லாக் கணினியிலும் கைப்பேசியிலும் ஒரேபோல் தெரியும் ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துக்கு அவற்றை மாற்ற, என்எச்எம் மாற்றி, சுரதா மாற்றி போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை வேர்டில் பார்த்துக்கொண்டு, மாற்றியில் அதே பெயரைத் தேர்ந்து, பத்தி பத்தியாக ஒட்டி எடுக்க வேண்டும். முழுக் கோப்பையும் ஒரே முறையில் மாற்றினால், நடுவில் வேறு எழுத்துருவில் இருந்த தலைப்புகளும் ஆங்கிலச் சொற்களும் சிதைந்துவிடும்.

இனிமேல் தட்டச்சு செய்பவற்றுக்கு 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுமாறு வற்புறுத்தியே சொல்வேன். ம என்னும் விசையை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழுந்து ‘ம்ம’ வந்துவிடும். அதன்பின் ஆ என்றால் ‘ம்மா’. ஆங்கில ஒலிவழித் தட்டச்சில் ஒரு வினாத்தாளுக்கு ஆகும் விசை அழுத்தங்களோடு ஒப்பிட்டால் இதில் மிச்சமாகும் உழைப்பு பெரிது. கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலேயே விசைப்பலகை மென்பொருளும் ஒருங்குறி எழுத்துருக்களும் விலையின்றிக் கிடைக்கின்றன.

அச்சில் மட்டுமே உள்ள பக்கங்களுக்குக் கூகுள் டிரைவ் போதும். பக்கத்தைப் படமெடுத்து டிரைவில் ஏற்றி, கணினியில் அந்தப் படத்தின்மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து, கூகுள் டாக்ஸ் மூலம் திறக்கச் சொன்னால், படத்துக்குக் கீழே எழுத்துகள் திருத்தக்கூடிய வடிவில் வந்து நிற்கும். படத்தை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். டியூப்லைட்டின் கீழே கைப்பேசியின் நிழல் பக்கத்தில் விழுந்தால் அந்த இடத்தில் புள்ளிகள் உதிர்ந்து, ‘பாட்டு’ ‘பாடடு’ ஆகிவிடும். ஔகார எழுத்துகளில் ளகரம் தனியே பிரிந்து நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை பழைய கொம்பு வடிவில் இருப்பதால் கருவி அவற்றில் அதிகம் தவறும். இவற்றை மட்டும் குறிவைத்துத் தேடித் திருத்தினால், வரி வரியாகப் படிப்பதற்கு முன்பே பெரும்பகுதி சரியாகிவிடும்.

மூலபாடமும் சொற்பொருளும்

பாடநூல்களைப் பிடிஎஃப் வடிவில் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதற்கு அப்பால், பாடநூலில் ஒரு செய்யுள் மட்டும் இருக்கும்போது அதற்கு முன்னும் பின்னும் உள்ள செய்யுள்களையும் பார்க்க விரும்பினால் முதலில் செல்லவேண்டிய இடம் மதுரைத் திட்டம். 1998இல் பொங்கலையொட்டித் தொடங்கப்பட்டு, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்த இந்தத் தொகுப்பில், சங்க இலக்கியம் முதல் கடந்த நூற்றாண்டின் உரைநடை வரை ஒருங்குறியில் உள்ளன. எந்த வரியையும் எடுத்து நேரடியாகப் பயிற்சித் தாளில் ஒட்டலாம். தட்டச்சுப் பிழைகள் ஆங்காங்கே இருக்கும் என்பதால், வகுப்புக்குக் கொண்டுபோகும் செய்யுளை ஒரு அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. அச்சுப் பதிப்பு கையில் இல்லாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளைப் பக்கப் படங்களாகவே பார்க்கலாம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத் திட்டம் இருக்கிறது.

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைவிட நம்பத்தக்க இலவச வளம் வேறில்லை. 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளிவந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட இந்த அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்காசிய அகராதிகள் தளத்தில் தேடக்கூடிய வடிவில் வைத்திருக்கிறது. வின்சுலோ, பெப்ரிசியஸ் அகராதிகளும் அதே தளத்தில் உள்ளன. தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்து தேடலாம். சங்கப் பாடலில் ‘கலிங்கம்’ என்று வந்தவுடன் பிள்ளைகள் ஒடிசாவை நினைக்கிறார்கள். லெக்சிகனில் அந்தச் சொல்லைத் தேடி, நாடு என்ற பொருளும் ஆடை என்ற பொருளும் ஒரே பக்கத்தில் நிற்பதைத் திரையில் காட்டி, பாடலின் வரிக்கு எது பொருந்தும் என்று கேட்டால், அகராதியைப் பயன்படுத்தும் முறையை அவர்கள் அங்கேயே கற்றுவிடுகிறார்கள். பொருளை ஆசிரியரே சொல்லிவிடுவதைவிட இதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும்; ஆனால் அடுத்த பாடலில் ‘குய்’ என்று வரும்போது, அது தாளிப்பு என்பதைத் தாமே தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். இக்காலக் கலைச்சொற்களுக்குத் தமிழ் விக்சனரியைப் பார்க்கலாம்.

9ஆம் வகுப்புக்கு மேல் யாப்பு நடத்துபவர்களுக்கு அவலோகிதம் என்னும் கருவி பெரும் துணை. செய்யுளை ஒட்டினால் அசை, சீர், தளை, எதுகை, மோனை என்று பிரித்துக் காட்டிப் பாவகையையும் சொல்கிறது. சந்தி பிரித்துப் பதித்த பாடத்தை இதில் இட்டால் தளை தட்டும். ஓசைப்படி சீர் பிரித்த வடிவத்தைத்தான் இடவேண்டும். பிள்ளைகள் முதலில் கரும்பலகையில் அலகிட்டு முடித்த பிறகே திரையைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விடை முதலில் தெரிந்துவிட்டால் நேரசையையும் நிரையசையையும் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

பயிற்சித் தாளை அச்சுக்கு அனுப்பும் முன் வாணி என்னும் பிழைதிருத்தியிலும் நாவி என்னும் சந்திப்பிழை திருத்தியிலும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். நாவி, வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் விதியோடு சுட்டுவதால், அதன் பரிந்துரைகளையே இலக்கண வகுப்பில் விவாதத்துக்கு வைக்கலாம். ஏற்க வேண்டியவை எவை, தள்ள வேண்டியவை எவை என்று பிள்ளைகளைக் காரணத்தோடு சொல்லவைப்பது நல்ல பயிற்சி.

ஒலிக்கு ஆசிரியரின் குரலே முதன்மை

சென்னைப் பிள்ளைகளில் பலர் ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாயப்பயம்’ என்கிறார்கள். தென்மாவட்டங்களிலிருந்து குடிவந்த வீட்டுப் பிள்ளைகள் ‘வாளப்பளம்’ என்கிறார்கள். இரண்டும் அவரவர் வீட்டு வழக்கு என்பதால் அதற்காகப் பிள்ளையைக் கண்டிக்கக் கூடாது. எழுத்துத் தமிழில் பிழை நேராதபடி காதைப் பழக்க வேண்டும். இதற்கு ஆடாசிட்டி என்னும் இலவச ஒலிப்பதிவு மென்பொருளும் கைப்பேசியுமே போதுமானவை. வலி, வளி, வழி; அலை, அளை, அழை; தலை, தளை, தழை; மரம், மறம்; கரை, கறை; பனி, பணி; மனம், மணம் என்று வரிசை எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் இருமுறை, இடையே ஓரிரு நொடி விட்டுப் பதிய வேண்டும். சாலை இரைச்சல் இல்லாத அதிகாலையிலோ, துணி நிறைந்த அலமாரி உள்ள சிறிய அறையிலோ பதிந்தால் எதிரொலி குறையும். ஆடாசிட்டியில் பேச்சில்லாத ஒரு நொடியைத் தேர்ந்து அதை இரைச்சலின் மாதிரியாகக் கொடுத்தால், மின்விசிறியின் ஒலியை அது முழுப் பதிவிலிருந்தும் குறைத்துவிடும். ரிச்சி தெருவில் வாங்கும் எளிய காலர் மைக் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, கட்டாயம் இல்லை.

இந்தப் பதிவை வகுப்பில் போட்டு, கேட்ட சொல்லின் எழுத்தை மட்டும் பிள்ளைகள் எழுத வேண்டும். பிறகு வரிசையை மாற்றிப் போட வேண்டும். அடுத்த கட்டமாகப் பிள்ளைகளே பதிய, மற்றவர்கள் கேட்டு எழுதலாம்.

கூகுள் டாக்ஸின் குரல்வழித் தட்டச்சைத் தமிழுக்கு மாற்றிவைத்து உச்சரிப்பைச் சோதிக்கலாம் என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கருவி சூழலை வைத்து ஊகித்து எழுதுவதால், பிள்ளை ‘பளம்’ என்று சொன்னாலும் ‘பழம்’ என்றே எழுதிவிடக்கூடும், தவறு மறைந்துவிடும். நீண்ட கட்டுரையைச் சொல்லச் சொல்லப் பதிவுசெய்ய அது நல்ல கருவி. உச்சரிப்புக்கு நடுவராக வைக்க ஏற்றதன்று.

வாசிப்பு

தொடக்க வகுப்புகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தை முதலில் சொல்வேன். பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய இத்தளத்தில் படக்கதைகள் 4 வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மொழியைத் தமிழ் என்றும் நிலையை 1 என்றும் தேர்ந்தால், ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரி மட்டுமே உள்ள கதைகள் வரும். திறந்த உரிமத்தில் வெளியிடப்படுவதால் பதிவிறக்கி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு, வகுப்பு நூலகத்தில் தைரியமாக வைக்கலாம்; எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் நீக்கக் கூடாது.

பழைய மகாபலிபுரம் சாலையையும் புறநகர்த் தொழிற்பேட்டைகளையும் ஒட்டிய பள்ளிகளில் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது கணிசமாகப் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு இத்தளத்தைப் போல் உதவுவது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரே கதை பல மொழிகளில் இருப்பதால், தமிழ்ப் படியையும் பிள்ளையின் தாய்மொழிப் படியையும் அச்சிட்டு அருகருகே கொடுக்கலாம். கதை முன்பே புரிந்துவிடுவதால், பிள்ளையின் கவனம் முழுவதும் தமிழ்ச் சொல்லின்மீது இருக்கும். வீட்டில் தாயோ தந்தையோ தம் மொழிப் படியைப் படித்துக் காட்டவும் முடியும். விரும்பிய கதை தமிழில் இல்லையென்றால், தளத்திலேயே கணக்குத் தொடங்கி ஆசிரியரே மொழிபெயர்த்து வெளியிடலாம். படங்கள் அப்படியே இருக்கும், வரிகளை மட்டும் மாற்றினால் போதும். உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே மொழிபெயர்ப்புப் பயிற்சியாகக் கொடுத்து, அவர்கள் எழுதிய கதையைத் தொடக்க வகுப்புக்கு அனுப்புவது எங்கும் செய்யக்கூடிய ஒன்று.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதி, புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளையும் கருதி அமைக்கப்பட்டதால் ஒலியோடும் படத்தோடும் எழுத்தறிமுகம் செய்கிறது. வளர்ந்தவர்களுக்கு உரைநடையும் சிறுகதையும் வேண்டுமென்றால் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்களே உரிமம் அளித்த மின்னூல்கள் உள்ளன. பாடநூலில் அச்சிட்டுள்ள கியூஆர் குறிகளைத் தீக்‌ஷா செயலி வழியாகவும், பாடக் காணொளிகளை 2023இல் வெளியான மணற்கேணி செயலி வழியாகவும் பார்க்கலாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இவற்றை அறிவார்கள் என்பதால் விரிக்கவில்லை.

சோதனை: பிள்ளைகளிடம் கைப்பேசி இல்லாதபோது

இணைய வினாடிவினாக் கருவிகள் பெரும்பாலும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கருவி இருப்பதாக எண்ணி அமைந்தவை. நம் வகுப்புகளில் அப்படி இல்லை, இருக்கவேண்டியதும் இல்லை. பிளிக்கர்ஸ் என்னும் கருவி இந்தக் குறையைத் தீர்க்கிறது. 40 அட்டைகள் கொண்ட தொகுதியைத் தளத்திலிருந்து இறக்கிச் சாதாரணத் தாளில் அச்சிட வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் கறுப்புக் கட்டங்களால் ஆன வடிவம் ஒன்றும், அதன் நான்கு பக்கங்களிலும் நான்கு விடைகளுக்கான சிறிய எழுத்துகளும் இருக்கும். தம் விடைக்குரிய எழுத்து மேலே வருமாறு பிள்ளை அட்டையைப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் வகுப்பின் முன்னே நின்று கைப்பேசியின் கேமராவை இடமிருந்து வலமாக நகர்த்தினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்பது பதிவாகிவிடும். அட்டை வடிவங்கள் ஒவ்வொன்றும் வேறுபடுவதால் அருகில் இருப்பவர் பார்த்து எழுத முடியாது. விரல்கள் கறுப்புக் கட்டத்தை மறைக்காமல் ஓரத்தைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். பளபளக்கும் உறை போட்டால் வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும். அட்டை எண்ணையும் வருகைப் பதிவேட்டின் எண்ணையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இலவசக் கணக்கில் ஒரு தொகுப்பில் சேர்க்கும் வினாக்களுக்கு வரம்பு உண்டு. பாடத்தின் நடுவே புரிந்ததா என்று அறிய அது போதும். திரை இல்லாத வகுப்பில் வினாவைக் கரும்பலகையில் எழுதினாலே போதும்.

வீட்டுப்பாடத்துக்குக் கூகுள் ஃபார்ம்ஸ் பொருத்தமானது. வினாடிவினா அமைப்பைத் தேர்ந்தால் தானே மதிப்பெண் இடும். தமிழில் ஓர் எச்சரிக்கை: குறுவிடையைத் தட்டச்சு செய்யச் சொல்லித் தானியங்கித் திருத்தத்தை நம்பக் கூடாது. ‘கொ’ என்னும் எழுத்தை ஒரு விசைப்பலகை ஒரே உயிர்க்குறியாகவும், இன்னொன்று கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினி அவற்றை வேறாகக் கொள்ளக்கூடும். பிள்ளை சரியாக எழுதியும் மதிப்பெண் இழப்பது அநியாயம். எனவே தானியங்கித் திருத்தத்துக்குத் தெரிவு வினாக்களை மட்டும் வைத்து, எழுத்து விடைகளை ஆசிரியரே படிக்க வேண்டும்.

எந்தக் கருவியிலும் பிள்ளைகளின் முழுப்பெயர், படம், தொலைபேசி எண் ஆகியவற்றை இடாமல் பதிவேட்டு எண்ணை மட்டும் இடுங்கள். 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

செயற்கை நுண்ணறிவும் பதிப்புரிமையும்

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை ஒரு பத்தியை எளிய தமிழில் சுருக்கவும், அதே வினாவை மூன்று கடின நிலைகளில் அமைக்கவும் உதவுகின்றன. ஆனால் குறளை மேற்கோள் காட்டச் சொன்னால், குறள் போலவே ஒலிக்கும் ஆனால் திருக்குறளில் இல்லாத வரியை எண்ணோடு தருவதுண்டு. இலக்கணக் குறிப்பில் வினைத்தொகையையும் பண்புத்தொகையையும் தயங்காமல் மாற்றிச் சொல்வதுண்டு. ஆகவே செய்யுள், ஆசிரியர் பெயர், இலக்கணக் குறிப்பு ஆகிய மூன்றையும் இவற்றிடம் கேட்கவே வேண்டாம். மதுரைத் திட்டத்திலிருந்து நாம் எடுத்த பாடத்தைக் கொடுத்து, இதிலிருந்து மட்டும் வினா அமை என்று சொல்வது ஓரளவு பாதுகாப்பானது.

பதிப்புரிமையைப் பொறுத்தவரை, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் கழிந்த நூல்களும், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் தடையின்றி அச்சிடத்தக்கவை. மற்ற நூல்களின் பகுதிகளை வகுப்பில் கற்பிக்கும் பொருட்டுப் படியெடுக்க 1957இன் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. அதையே யூடியூபில் ஏற்றுவது வேறு செய்தி. படங்களுக்குத் தேடுபொறியை விட்டுவிட்டு விக்கிமீடியா பொதுவகத்தில் தேடி, எடுத்தவரின் பெயரையும் உரிமத்தையும் கீழே குறித்தால் சிக்கல் இல்லை.

இணையம் இல்லாத வகுப்பறை

மழைக்காலத்தில் இணைப்பு அடிக்கடி அறுபடும் பள்ளிகளுக்கும், இணைப்பே இல்லாத பள்ளிகளுக்கும் கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருள் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக வீட்டிலோ நூலகத்திலோ இறக்கி, பென்டிரைவில் எடுத்துச் சென்று பள்ளிக் கணினியில் திறக்கலாம். தேடல் உட்பட எல்லாம் இணையமின்றியே இயங்கும். படங்களுடன் கூடிய கோப்பு பெரிது. கணினியில் இடம் குறைவென்றால் படமில்லாத கோப்பைத் தேர்ந்துகொள்ளலாம். அதே பென்டிரைவில் ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்பு, பாட எண் என்ற வரிசையில் கோப்புறைகள் அமைத்து, செய்யுள், ஒலிப்பதிவு, கதை, வினாத்தாள் ஆகியவற்றை அந்தந்தக் கோப்புறையில் வைத்து, கணினியில் ஒரு படியும் உடன்பணியாற்றும் தமிழாசிரியரிடம் ஒரு படியும் கொடுத்துவிடுங்கள்.